பழைய ஆறு சிலிண்டர் 5 சீரிஸ்: 3,500 சுற்றுக்கு மேல் வண்டி இழுக்கவில்லை

அண்ணாநகர்_இ39

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டுத் தயாரிப்பான பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், இ39 வகை. 2.5 லிட்டர் எம்54 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். ஓட்டம் 1,40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாகவே இழுவை படிப்படியாகக் குறைந்து வருகிறது. கோயம்பேட்டிலிருந்து வடபழனி வரை நெரிசலில் ஊர்ந்து போகும்போது குறை எதுவும் தெரிவதில்லை. மதுரவாயல் புறவழிச்சாலையில் ஏறி ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால்தான் வெளிப்படுகிறது. நிமிடத்துக்கு 3,500 சுற்று வரை ஒழுங்காக ஏறும் எஞ்சின், அதற்கு மேல் சத்தம் மட்டும் கூட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்ட மறுக்கிறது. ஐட்லிங்கில் லேசான நடுக்கம் இருக்கிறது, ஏசி போட்டால் அது சற்று அதிகமாகிறது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது ஆறைத் தாண்டுவதில்லை. எஞ்சின் விளக்கு நிரந்தரமாக எரியவில்லை.

நான் வழக்கமாக விடும் பட்டறையில் ஆறு ஸ்பார்க் ப்ளக், ஆறு இக்னிஷன் காயில், ஏர் ஃப்ளோ சென்சார் என்று வரிசையாக மாற்றிவிட்டார்கள். ஒரு மாற்றமும் தெரியவில்லை. இப்போது பெட்ரோல் பம்பை மாற்றலாம் என்றும், அதற்கும் சரியாகாவிட்டால் வால்வு நேரத்தை மாற்றும் வேனோஸ் அமைப்பைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார்கள். இதற்கு மேல் ஒரு பொருளைக்கூட ஊகத்தின் பேரில் வாங்க எனக்கு மனமில்லை. எந்த வரிசையில் சோதிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈசிஆர்_பயணி

நண்பரே, இந்த வயது எம்54 எஞ்சினில் வேனோஸ் சீல்கள் இறுகிப்போவது எல்லோரும் அறிந்த நோய்தான். என் உறவினரின் இ46 (பழைய 3 சீரிஸ்) காரிலும் இழுவை போய், சீல் மாற்றிய பிறகுதான் திரும்பி வந்தது. பட்டறைக்காரர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

பாடி_பட்டறை

வேனோஸ் சீல் பழுதாகும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது எந்தச் சுற்றில் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும். வேனோஸ் என்பது கேம்ஷாஃப்ட்டின் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு. அதன் சீல்கள் இறுகினால் முதலில் அடிபடுவது கீழ்ச் சுற்று இழுவை: சிக்னலில் கிளம்பும்போது வண்டி மந்தமாக இருக்கும், 3,000-ஐத் தாண்டியதும் சட்டென்று உயிர் வந்ததுபோல் இழுக்கும். நம் நண்பர் சொல்வது இதற்கு நேர் எதிரானது. கீழே நன்றாக இருக்கிறது, மேலேதான் இல்லை. ஆகவே வேனோஸை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

ஐயா, நீங்கள் முதலில் உறுதி செய்ய வேண்டியது, குறை எஞ்சினில்தான் இருக்கிறதா என்பதை. சுற்றுமானி ஏறி வேகமானி ஏறாமல் நின்றால் அது கியர்பாக்ஸ் வழுக்குவது. சற்று தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

பழுது ஒரு சிலிண்டருக்கா, மூன்று சிலிண்டருக்கா, ஆறுக்குமா என்பதே அந்தக் கேள்வி. உங்கள் எஞ்சின் நேர்வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்டதாக இருந்தாலும், புகைபோக்கும் பக்கத்தில் அது இரண்டு எஞ்சின்போல நடந்துகொள்கிறது. ரேடியேட்டர் பக்கமுள்ள ஒன்று முதல் மூன்று வரை முதல் பேங்க், அதாவது முதல் சிலிண்டர்த் தொகுதி. நான்கு முதல் ஆறு வரை இரண்டாம் பேங்க். ஒவ்வொன்றுக்கும் புகையைச் சேர்த்து வெளியேற்றும் தனி மேனிஃபோல்டு, அதிலேயே புகையைச் சுத்திகரிக்கும் தனி கேட்டலிடிக் கன்வெர்ட்டர், முன்னும் பின்னும் தனித்தனி ஆக்சிஜன் சென்சார். காற்று உள்ளே வரும் வழியும், ஏர் ஃப்ளோ சென்சாரும், பெட்ரோல் அழுத்தமும் ஆறுக்கும் பொது. காயிலும் ப்ளக்கும் இன்ஜெக்டரும் சிலிண்டருக்கு ஒன்று. எத்தனை சிலிண்டர் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், எதையெல்லாம் தொட வேண்டியதே இல்லை என்பதும் தெரிந்துவிடும். ஆறு காயிலை ஒரேயடியாக மாற்றுவது இந்தக் கேள்வியைக் கேட்காமலே விடை எழுதும் வேலை.

கிண்டி_கருவி

மேலே சொல்லப்பட்டதோடு முழுவதும் உடன்படுகிறேன். காரின் கம்ப்யூட்டரோடு இணைந்து நேரடி அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும், எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்குவம் கேஜ் ஒன்றும் கிடைத்தால் இதில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். தயவுசெய்து பின்வரும் அளவுகளை எடுத்துப் போடுங்கள்.

ஃபியூயல் ட்ரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, இரண்டு பேங்குக்கும் தனித்தனியாக, இரண்டு நிலைகளில் எடுக்க வேண்டும்: எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஐட்லிங்கில் ஒரு முறை, சாலையில் 3,500 முதல் 4,000 சுற்றில் நிலையாக ஓடும்போது ஒரு முறை. முழு ஆக்ஸிலரேட்டரில் எடுக்காதீர்கள்; அப்போது கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை, எனவே அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இதற்குத் தோதான இடம். நீங்கள் ஓட்டுங்கள், எண்களைப் பார்த்து எழுத இன்னொருவரை உட்கார வையுங்கள்.

முழு ஆக்ஸிலரேட்டரில் பார்க்க வேண்டியது காற்றோட்ட அளவு. இரண்டாம் கியரில் 6,000 சுற்றை நெருங்கும்போது ஏர் ஃப்ளோ சென்சார் வினாடிக்கு எத்தனை கிராம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சின் 2,494 சிசி. 6,000 சுற்றில் வினாடிக்கு ஐம்பது முறை அந்தக் கொள்ளளவு நிரம்புகிறது. அதாவது ஏறக்குறைய 125 லிட்டர் காற்று. சென்னை வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை 1.15 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முழுவதும் நிரம்பினால் 142 கிராம் வர வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் 135-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம்.

வேக்குவம் கேஜை காற்று நுழையும் இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்து ஐட்லிங்கில் ஒரு அளவும், 2,500 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு ஒரு அளவும் எடுங்கள். ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை இயல்பு. நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் உயரத்துக்காக எதையும் கழிக்க வேண்டியதில்லை.

அண்ணாநகர்_இ39

நன்றி ஐயா. கியர் வழுக்கவில்லை, சுற்றும் வேகமும் சேர்ந்தே மெதுவாக ஏறுகின்றன. சக்கரங்களிலும் வெப்ப வேறுபாடு இல்லை. ஸ்கேனருக்கும் கேஜுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். அளவுகள் கிடைத்ததும் எழுதுகிறேன்.

ஈசிஆர்_பயணி

வேனோஸ் குறித்த விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் மேல்ச் சுற்றில் மட்டும் இழுவை இல்லையென்றால் பெட்ரோல் போதவில்லை என்றுதானே பொருள்? பம்பு தேய்ந்திருந்தால் ஐட்லிங்குக்குத் தேவையானதைக் கொடுத்துவிடும், முழு வேகத்துக்குக் கொடுக்க முடியாது. இப்போது எல்லா பெட்ரோல் பங்க்குகளிலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. இந்த வயதுக் கார்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

பாடி_பட்டறை

இது நியாயமான ஐயம். அழுத்தமானியை இணைத்து வண்டியை ஓட்டிப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமிராது. இந்த எஞ்சினுக்கு 3.5 பார் வேண்டும். நின்ற இடத்தில் 3.5 காட்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் மூன்றுக்குக் கீழே இறங்கினால் பம்பு அல்லது ஃபில்ட்டர். இறங்காமல் நின்றால் பம்பை மறந்துவிடலாம். பம்பு மெலிந்திருந்தால் இரண்டு பேங்கும் ஒரே மாதிரி பெட்ரோல் போதாமல் தவிக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிம் எண்கள் வரும்போது இது பயன்படும்.

அதோடு டிசா வால்வையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையைச் சுற்றுக்கு ஏற்ப மாற்றும் பாகம் அது; இன்டேக் மேனிஃபோல்டின் பக்கவாட்டில் இரண்டே திருகில் நிற்கிறது. உள்ளிருக்கும் மடல் திறக்காமல் போனாலும் மேல்ச் சுற்று இழுவை குறையும். அதைவிட முக்கியம், மடலைத் தாங்கும் ஊசி கழன்று சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

அண்ணாநகர்_இ39

அளவுகள் கிடைத்துவிட்டன. பழைய மெக்கானிக் ஒருவர் என் முன்னிலையிலேயே எடுத்துக்கொடுத்தார்.

பெட்ரோல் அழுத்தம் 3.5 பார், சாலையில் முழு மிதியிலும் 3.4-க்குக் கீழே போகவில்லை. ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் 11.5 பாருக்கும் 12.3 பாருக்கும் இடையில் இருக்கிறது. டிசா வால்வின் மடலும் ஊசியும் நலம். ரப்பர் வளையம் மட்டும் இறுகியிருந்ததால் மாற்றிவிட்டோம்.

ஐட்லிங்கில் ட்ரிம்: முதல் பேங்க் கூட்டல் 17, இரண்டாம் பேங்க் கூட்டல் 15. வெளிவட்டச் சாலையில் 3,800 சுற்றில்: முதல் பேங்க் கூட்டல் 16, இரண்டாம் பேங்க் கழித்தல் 6.

முழு மிதியில் காற்றோட்டம் வினாடிக்கு 98 கிராம். பழைய சென்சாரை மாட்டிப் பார்த்தபோதும் அதே அளவுதான். வேக்குவம் ஐட்லிங்கில் 16. 2,500 சுற்றில் பிடித்தால் முதலில் 18-க்கு ஏறி, பிறகு மெல்ல மெல்ல 14-க்கு இறங்குகிறது.

ப்ளக்குகளைக் கழற்றியபோது ஒன்று முதல் மூன்று வரை வெளிறிப்போயும், நான்கு முதல் ஆறு வரை கரி படிந்தும் இருந்தன. எல்லாமே ஒரே நாளில் மாட்டிய புதிய ப்ளக்குகள். சாலையில் இரண்டாம் பேங்க் மட்டும் கழித்தலுக்குப் போவதற்கு என்ன பொருள் என்று புரியவில்லை.

கிண்டி_கருவி

மிக நேர்த்தியாக அளந்திருக்கிறீர்கள். இந்த எண்களிலேயே விடை இருக்கிறது. சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த வகை எஞ்சின் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படும்.

உங்கள் காரில் இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஐட்லிங் எண்களும் சாலை எண்களும் வேறு வேறு கதை சொல்வதற்குக் காரணம் அதுதான்.

ஐட்லிங்கில் இரண்டு பேங்கும் ஏறத்தாழ ஒரே அளவு கூட்டலில் இருக்கின்றன. அதாவது ஏர் ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று, அதற்குப் பின்னால் ஏதோ ஓர் ஓட்டை வழியே ஆறு சிலிண்டருக்கும் பொதுவாக நுழைகிறது. வேக்குவம் 16-இல் நிற்பதும் அதற்குப் பொருந்துகிறது. ஓட்டை வழியே வரும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறாதது என்பதால், எஞ்சின் குறைவாக மூச்சு வாங்கும் ஐட்லிங்கில் அது பெரிதாகத் தெரியும். சாலையில் மொத்தக் காற்றோடு ஒப்பிடும்போது அற்பமாகிவிடும். எம்54-இல் இதற்கு முதல் சந்தேகம் கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்சும் சிசிவி வால்வும் அதன் குழாய்களும். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான உறிஞ்சல் இயல்பு. மூடியைத் தூக்கவே முடியாத அளவுக்குப் பிடித்திழுத்தாலோ விசில் சத்தம் வந்தாலோ உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. அளந்துதான் பார்க்க வேண்டுமென்றால், ஆயில் அளக்கும் கம்பியின் குழாயில் ஒரு நீர்க்குழாய் மானியை இணைத்தால் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீர் உயரம் காட்ட வேண்டும்.

இழுவை போனதற்குக் காரணம் இது அல்ல. அதற்குச் சாலை எண்களைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தெரிவது மொத்தக் காற்றின் அளவு மட்டுமே. அதை ஆறால் வகுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. இப்போது இரண்டாம் பேங்கின் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிந்த புகை முழுவதும் வெளியேறாததால் நான்கு, ஐந்து, ஆறு சிலிண்டர்களுக்குள் புதுக் காற்று நுழைய இடமில்லை. அவற்றுக்குப் போகாத காற்று, தடையில்லாத ஒன்று முதல் மூன்று வரையிலான சிலிண்டர்களின் பங்கைக் கூட்டுகிறது. பெட்ரோல் மட்டும் சமமாக விழுகிறது. எனவே பின் மூன்றில் பெட்ரோல் மிகுதி, கம்ப்யூட்டர் குறைக்கிறது. முன் மூன்றில் காற்று மிகுதி, கம்ப்யூட்டர் கூட்டுகிறது. ஒரு பேங்க் கூட்டலுக்கும் மறு பேங்க் கழித்தலுக்கும் பிரிந்து போவது, ஒரு பக்கப் புகைவழி அடைப்புக்கே உரிய அடையாளம். வெளிறிய மூன்று ப்ளக், கரி படிந்த மூன்று ப்ளக், பிடித்து வைத்தால் இறங்கும் வேக்குவம், 135-க்குப் பதில் 98 கிராம் காற்று ஆகிய நான்கும் இதையே உறுதி செய்கின்றன. ஏர் ஃப்ளோ சென்சார் பொய் சொல்லியிருந்தால் சாலையில் இரண்டு பேங்கும் சேர்ந்தே ஒரே பக்கம் ஓடியிருக்கும். அது முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை மீதமிருக்கிறது. இரண்டு பேங்கிலும் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டி, 2,500 சுற்றில் பாருங்கள். 0.1 பாருக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஒரு கேள்வி: கடந்த ஓராண்டில் பின் மூன்று சிலிண்டர்களில் ஏதாவது ஒன்று மிஸ் ஃபயர் ஆனதுண்டா, அதாவது பெட்ரோல் எரியாமல் தவறியதுண்டா?

அண்ணாநகர்_இ39

ஆம் ஐயா. காயில்களை மாற்றுவதற்கு முன் ஐந்தாவது சிலிண்டரில் மிஸ் ஃபயர் இருந்தது. எஞ்சின் விளக்கு மினுக்கும், பிறகு அணைந்துவிடும். காயில் வருவதற்குத் தாமதமாகும் என்றும், அதுவரை ஓட்டினால் பரவாயில்லை என்றும் பட்டறையில் சொன்னதால் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பாடி_பட்டறை

அப்படியென்றால் காரணமும் கிடைத்துவிட்டது. எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் உட்பகுதி தேன்கூடு வடிவில் உள்ள பீங்கான். சூடு எல்லை மீறினால் உருகி அடைத்துக்கொள்ளும். எஞ்சின் விளக்கு மினுக்குகிறது என்றால் கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது, உடனே ஓரம் கட்டு என்று பொருள். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு காயிலின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

திருவான்மியூர்_ஓட்டுநர்

கன்வெர்ட்டர் புதிதாக வாங்குவது பெருஞ்செலவு. உள்ளிருக்கும் பீங்கானைக் கொத்தி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிவிடலாமே? புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்டும் கிடைக்கும்.

பாடி_பட்டறை

கொத்தி எடுப்பதை நான் என் பட்டறையில் செய்வதில்லை தம்பி. கன்வெர்ட்டர் இல்லாத பெட்ரோல் எஞ்சின் வெளியிடும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் இருசக்கர வாகனக்காரரின் முகத்துக்குத்தான் போகிறது. புகைச் சான்றிதழிலும் சிக்கல் வரும். 2003-இல் பதிவான வண்டியென்றால் 2028-இல் மீண்டும் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் எஞ்சின் விளக்கை அணையவிடாது.

புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலோ தேடுவதில் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழைய வண்டி உடையும்போதே பலர் உட்பகுதியைத் தனியே விற்றுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் முழுதாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சென்சார் துளை வழியே விளக்கடித்துத் தேன்கூடு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தாலும் வேண்டாம்.

அண்ணாநகர்_இ39

தாமதத்துக்குப் பொறுத்தருள்க, பாகங்கள் வருவதற்காகக் காத்திருந்தேன். அழுத்தச் சோதனையில் முதல் பேங்க் 0.05 பார், இரண்டாம் பேங்க் 0.4 பார். பின் மேனிஃபோல்டைக் கழற்றியபோது கன்வெர்ட்டரின் முகப்பில் முக்கால் பங்கு கண்ணாடிபோல் உருகி மூடியிருந்தது. விளக்கடித்தால் ஓர் ஓரத்தில் மட்டும் பிறைவடிவில் வெளிச்சம் தெரிந்தது. சிசிவி வால்வின் சவ்வும் கிழிந்திருந்தது. அதற்குப் போகும் குழாய் கையில் எடுத்ததும் பிஸ்கட்டாக நொறுங்கியது. சிசிவி தொகுதியைக் குழாய்களோடு முழுவதும் மாற்றி, பின் பேங்குக்குப் புதிய கன்வெர்ட்டர் போட்டாயிற்று.

இப்போது ஐட்லிங்கில் நடுக்கம் இல்லை, வேக்குவம் 19. முழு மிதியில் 133 கிராம் காற்று. மதுரவாயல் ஏற்றத்தில் வண்டி 6,000 வரை தங்குதடையின்றி ஏறுகிறது. ட்ரிம் மட்டும் இன்னும் சுழியத்துக்கு வரவில்லை: ஐட்லிங்கிலும் சாலையிலும் இரண்டு பேங்கிலும் கூட்டல் 7, 8 என்றே நிற்கிறது. இன்னும் எங்காவது ஓட்டை இருக்கிறதா?

கிண்டி_கருவி

இல்லை. ஓட்டையாக இருந்தால் ஐட்லிங்கில் அதிகமாகவும் சாலையில் குறைவாகவும் இருந்திருக்கும். எல்லா நிலையிலும் ஒரே அளவாக நிற்பது பெட்ரோலின் இயல்பு. தூய பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5 போதும். உங்கள் கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றத் தொடங்குவதால், மீதி எட்டு சதவீதத்தை ட்ரிம் ஈடுகட்டுகிறது. இதைப் பழுதென்று எண்ணி இன்னொரு சென்சாரை வாங்கிவிடாதீர்கள். மைலேஜும் பழைய எட்டுக்கு முழுவதும் திரும்பாது.

ஈசிஆர் நண்பர் எத்தனாலைப் பற்றி எழுப்பிய கவலையில் வேறொரு வகையில் உண்மை இருக்கிறது. டேங்கின் மேல்மூடிக்குக் கீழுள்ள சிறு ரப்பர் குழாய்களையும், ஃபில்ட்டருக்குப் போகும் இணைப்புகளையும் அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ உப்பலோ இருந்தால் எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் வண்டியைப் பல வாரம் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைப் பாதியில் விடாமல் நிரப்பிவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பாடி_பட்டறை

கிழிந்த சிசிவி வழியே எஞ்சின் எவ்வளவு காலம் ஆயிலைக் குடித்தது என்று தெரியாது. அந்த ஆயில் புகை முதல் பேங்கின் பழைய கன்வெர்ட்டரிலும் படிந்திருக்கும். எனவே அடுத்த சில மாதங்களுக்கு ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் இறங்குவது நின்றுவிட்டால் கவலை இல்லை. தொடர்ந்து இறங்கினால் வால்வு சீல்களைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் புதிதாகப் போட்ட கன்வெர்ட்டரும் நாளடைவில் கெடும். 3,800 சுற்றில் எடுத்த ட்ரிம் எண்களையும், இரண்டு பேங்கின் புகை அழுத்தத்தையும் சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து யார் கையில் வண்டி போனாலும் அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கும்.